விரல் கணக்கு

சேகரிப்பவர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஊர் மெச்சும் பொருளைச் சேர்க்கிறவர்கள் ஒரு ஜாதி. ஊர் சிரிக்கும் பொருளைச் சேர்க்கிறவர்கள் மற்றொரு ஜாதி. பழைய நாணயம், தஞ்சாவூர்ப் படம், தபால் தலை இவற்றைச் சேர்ப்பவர் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், வீட்டு அம்மாளே பெருமையுடன் அலமாரியைத் திறந்து காட்டுவாள். தீப்பெட்டிப் படமும் சோடா மூடியும் சேர்ப்பவருடைய கதி வேறு. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே அவருடைய பொக்கிஷம் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

இசைத்தட்டுச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் முதல் ஜாதியைச் சேர்ந்தவர்கள். அரியக்குடியின் பழைய தட்டு ஒன்று வைத்திருப்பவர் எந்தச் சபையிலும் தலை நிமிர்ந்து பேசலாம். கே.பி. சுந்தராம்பாள், தண்டபாணி தேசிகர் என்று சொன்னால் முன் வரிசையில் நாற்காலி கிடைக்கும். ஆனால் காவேரிப்பாக்கத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு மேலாக இசைத்தட்டுத்தான் சேர்த்து வருகிறார். ஆயினும் சோடா மூடிக்காரருடைய அந்தஸ்துக்கு மேல் அவரால் உயர முடியவில்லை. காரணம், அவர் சேர்ப்பது 'ஹெவி மெட்டல்'. அதோடு, அதற்கு அண்ணன் தம்பி முறையாகிற துணிச்சலான ராக் சங்கீதம்.

ஹெவி மெட்டல் என்பதைக் கன உலோகம் என்று தமிழ்ப்படுத்தினால் பாத்திரக் கடைதான் ஞாபகம் வரும். ராணிப்பேட்டைப் பக்கத்தில் அதுகூட வராது. அங்கே அந்த வார்த்தைக்குக் குரோமியம் என்று பொருள். தோல் பதனிடக் குரோமியம் வேண்டும். வேலை முடிந்த பிறகு அது போகிற இடம் பூமியும் கிணறும். 1990-களின் நடுவில் மூடிப்போன ஒரு குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவு மட்டும் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். பெண் பார்க்க வந்த சம்பந்தியிடம் நண்பர், "எனக்கு ஹெவி மெட்டல்ல ரொம்ப ஈடுபாடு" என்று சொல்லப்போக, அந்த மனிதர், "ஆமாங்க, எங்க தெருக் கிணத்துலயும் அதான்" என்று வருத்தத்தோடு தலையசைத்தாராம். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சந்தேகம் இன்றுவரை தெளிவிக்கப்படவில்லை.

சென்னையிலிருந்து பெங்களூர் போகிற சாலையில், காஞ்சிபுரத்தைத் தாண்டி வாலாஜாப்பேட்டைக்கு முன்னால் இருக்கிறது காவேரிப்பாக்கம். பெயரில் காவேரி இருந்தாலும் தண்ணீர் பாலாற்றுத் தண்ணீர். வாலாஜா அருகே உள்ள அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக வந்து, பல்லவர் காலத்து ஏரியில் விழுகிறது. தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று அது. நிரம்பியிருக்கும்போது கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. 1752-ல் கிளைவின் படைக்கும் ராஜா சாகிபின் படைக்கும் இந்த ஊரில்தான் சண்டை நடந்தது. அந்தப் பீரங்கிச் சத்தத்துக்குப் பிறகு ஊரில் எழுந்த பெரிய சத்தம் நண்பருடைய ஒலிபெருக்கியின் சத்தம்தான் என்பது அவருடைய மனைவியின் அபிப்பிராயம்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் ஃபினிஷிங் பகுதியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தினமும் பஸ்ஸில் போய் வந்தார். தோல் வேலை செய்கிறவர்களுக்குப் பஸ்ஸில் ஒரு சௌகரியம் உண்டு: பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாசனை. "ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வரப்போ ரெண்டு சீட்டுல காலை நீட்டிப் படுத்துக்கிட்டு வருவேன் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பைக் கூர்ந்து பார்க்கக் கூடாது.

வீட்டின் பின்கட்டில் ஒரு சின்ன அறை. தட்டுகள் புத்தகம்போல் நிமிர்ந்து நிற்கின்றன. படுக்க வைத்து அடுக்கினால் அடித்தட்டு வளைந்துபோகும். ஏரிக்காற்றில் ஈரம் ஜாஸ்தி. உறையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, பங்குனி வெயிலில் உறைகளை மட்டும் நிழலோரம் பரப்பி உலர்த்துவார். அப்படி உலர்த்திய ஒரு நாள்தான் தெருவில் அவருடைய பெயர் கெட்டது. 'கிங் கிரிம்ஸன்' என்ற கோஷ்டியின் 1969 ஆல்பத்தின் உறையில், வாயைப் பிளந்து அலறுகிற சிவந்த முகம் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுப் பாட்டி அதைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வாசலில் எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னாளாம். அந்தப் படத்தை வரைந்த பாரி காட்பர் என்ற இளைஞர் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். ஆல்பம் வெளிவந்த சில மாதங்களில், 1970-ல், இறந்துபோனார். அவர் வரைந்த ஒரே ஆல்பம் உறை அதுதான். இந்தக் கதையைப் பாட்டியிடம் சொன்னதும், "ஐயோ பாவம், யார் பெத்த பிள்ளையோ" என்றாளாம். எலுமிச்சம்பழம் மட்டும் அப்படியே தொங்கியது.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டேன். முதல் காரணம் மூர் மார்க்கெட். 1985 மே மாதம் தீயில் அழிவதற்கு முன்பு, சென்னையில் கால் ரூபாய்க்குக் கம்ப ராமாயணமும் அரை ரூபாய்க்குக் கிராமபோன் தட்டும் கிடைத்த சொர்க்கம் அது. இரண்டாவது காரணம் ஒரு ஜெர்மானியர். தோலுக்குச் சாயம் விற்கிற கம்பெனியின் டெக்னீஷியனாக வந்தவர், மூன்று மாதம் தங்கிச் சாயம் ஏற்றக் கற்றுக்கொடுத்தார். ஊர் திரும்பும்போது, பெட்டியில் எடை அதிகம் என்று ஏழு தட்டுகளை நண்பரிடம் விட்டுச் சென்றார். "ஒரு வருஷம் அதைப் போட்டுக் கேக்கவே எங்கிட்ட மிஷின் கிடையாது சார். உறையைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றார் நண்பர். உறையை ஒரு வருஷம் பார்த்த பிறகு உள்ளே இருப்பதைக் கேட்கிறவனுக்குப் பிடிக்காமல் போகுமா?

தட்டுச் சேர்ப்பவர்களின் உலகத்தில் நமது நாட்டுக்குத் தனி மரியாதை உண்டு என்பதை நான் அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். பழைய 78 சுற்றுத் தட்டுகள் அரக்கினால் ஆனவை. அரக்கு, மரக்கிளையில் வாழும் ஒரு சிறு பூச்சியின் சுரப்பு. உலகத்துக்கெல்லாம் அதைப் பெருமளவில் கொடுத்தது இந்தியா. 1948-ல் அமெரிக்காவில் நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் நீண்ட பிளாஸ்டிக் தட்டு வந்துவிட்டது. மேல்நாடுகள் அரக்குத் தட்டை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையோ 1960-களின் நடுப்பகுதி வரை அரக்குத் தட்டை விடாமல் அச்சடித்தது. சாவி கொடுத்தால் சுற்றுகிற பழைய கிராமபோன்தானே நம் வீடுகளில் இருந்தது! அதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. இங்கிலாந்தில் பிளாஸ்டிக் தட்டில் வந்த பீட்டில்ஸ் பாட்டுகள் இங்கே அரக்கில் வந்தன. இன்றைக்கு லண்டனிலும் டோக்கியோவிலும் இருக்கும் சேகரிப்பாளர்கள் அந்த டம்டம் அரக்குத் தட்டுக்குத் தவம் கிடக்கிறார்கள். நம் வறுமை அவர்களுக்கு அபூர்வமாகிவிட்டது.

ஒரு தட்டின் ஜாதகத்தை நண்பர் கணிக்கும் விதமே தனி. பாட்டு முடிந்த பிறகு, லேபிளுக்குச் சற்று வெளியே வெறுமையான ஒரு வளையம் இருக்கும். அங்கே ஊசியால் கீறிய எண்கள் உண்டு. இது எத்தனையாவது அச்சு, எந்தத் தாய் அச்சிலிருந்து பிறந்தது என்பதெல்லாம் அதில் அடக்கம். பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார். பிறகு ஒரு நீள நோட்டில் பதிவு செய்வார்: பெயர், வருஷம், எண், தரம். இந்தத் தரம் என்கிற விஷயத்தில் ஒரு வேடிக்கை. உச்சத் தரம் 'மின்ட்', அதாவது நாணயச் சாலையிலிருந்து அப்போதுதான் வந்தது போன்றது. அடுத்தது 'நியர் மின்ட்'. அதற்குக் கீழே 'வெரி குட்'. அதற்கும் கீழே 'குட்'. 'குட்' என்று போட்டிருந்தால் கேட்க லாயக்கில்லை என்று அர்த்தம்! மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றித் தரகர் பேசுகிற பாஷை இதுதான் என்று எனக்குப் பட்டது.

அவருடைய அறையில் நான் முதலில் கேட்ட தட்டு 'பிளாக் சாபத்'. அது கோஷ்டியின் பெயர். முதல் ஆல்பத்தின் பெயரும் அதுதான். அதில் முதல் பாட்டின் பெயரும் அதுவே. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தின் ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்த நான்கு தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஒருவர் பாட வருமுன் கசாப்புச் சாலையில் வேலை பார்த்தவர். 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவு செய்து முடித்த ஆல்பம், 1970 பிப்ரவரி 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை வெளிவந்தது. மேல்நாட்டாருக்கு அது எமகண்டத்தில் பிறந்த குழந்தை மாதிரி. லேபிளில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சுழல். தட்டு சுற்றும்போது அதையே பார்த்தால் தலை சுற்றும்.

மழை பெய்கிறது. தூரத்தில் கோயில் மணி. பிறகு கிட்டாரில் மூன்றே ஸ்வரங்கள், யானை அடி வைப்பதுபோல. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காது உடனே ஒன்றைக் கண்டுகொண்டது. அடித்தள ஸட்ஜம், மேல் ஸட்ஜம், அதன் பிறகு வருவது பிரதி மத்தியமம். ஐரோப்பியப் பழைய சங்கீத நூல்காரர்கள் இந்த இடைவெளிக்குச் 'சங்கீதத்தில் பிசாசு' என்று பெயர் வைத்து விலக்கியிருந்தார்கள். நமக்கோ எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் சரிபாதி பிரதி மத்தியம ராகங்கள்! மாலைக் கச்சேரியில் கல்யாணி கேட்டுவிட்டு யாரும் எலுமிச்சம்பழம் கட்டுவதில்லை. கல்யாணியில் அந்த மத்தியமம் பஞ்சமத்தின் மடியில் போய் உட்காரும். இந்தப் பையன்கள் அதை அந்தரத்தில் தொங்க விட்டுவிட்டார்கள். பயம் அதனால்தான். இதைச் சொன்னதும் நண்பர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பது வருஷத்தில் அவருடைய தட்டைக் கேட்டுவிட்டுத் தலைவலி மாத்திரை கேட்காத முதல் ஆள் நான்தானாம்.

துணிச்சலான ராக் என்று அவர் தனியாக ஓர் அடுக்கு வைத்திருக்கிறார். அதில் 'ஜெத்ரோ டல்' கோஷ்டியின் 'திக் ஆஸ் எ பிரிக்' என்ற 1972 ஆல்பம். பன்னிரண்டு பக்கப் பத்திரிகை ஒன்றே அதற்கு உறை. பத்திரிகையின் ஒரு தாள் குறைந்தாலும் சேகரிப்பாளர் விலையைப் பாதியாக்கிவிடுவார். உள்ளே நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஓடும் ஒரே பாட்டு. தட்டைத் திருப்பிப் போடத்தான் நடுவில் ஓர் இடைவெளி. 78 சுற்றுத் தட்டின் காலத்தில் நம் வித்வான்கள் மூன்றரை நிமிஷத்துக்குள் கீர்த்தனையைத் திணிக்கப் பட்ட பாடு தெரியுமல்லவா? கச்சேரியில் ஒரு மணி நேரம் பல்லவி பாடுகிறவர் தட்டுக்காகக் குட்டி ஆலாபனையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. தட்டு நீண்டதும் மேல்நாட்டு வாலிபர்களுக்குப் பல்லவி பாடும் ஆசை வந்துவிட்டது போலிருக்கிறது.

இவையெல்லாம் ரசிகர் பேச்சு. அவரை நான் ஒரு பொழுதுபோக்குக்காரராக மட்டும் எண்ணாமல் இருப்பதற்குக் காரணம், அவர் சொன்ன விரல் கதை.

பிளாக் சாபத்தின் கிட்டார் வித்வான் டோனி ஐயோமி. பதினேழு வயதில் பர்மிங்காமில் இரும்புத் தகடு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். வேலையை விட்டுவிட்டுக் கச்சேரிக்கென்றே போகத் தீர்மானித்திருந்தார், கடைசி நாள். அன்று வேறொருவர் வராததால் பழக்கமில்லாத மிஷினில் நிறுத்தினார்கள். மிஷின் இறங்கியது. வலது கை நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர்; தந்தியை அழுத்துவது வலது கை. இனிமேல் கிட்டார் இல்லை என்றார்கள் வைத்தியர்கள்.

வீட்டில் கிடந்த பையனைப் பார்க்க வந்த தொழிற்சாலை மேலாளர் ஒரு தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். நன்றாயிருக்கிறது என்றான் பையன். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற நாடோடி இனத்துக் கலைஞர். 1928-ல் வண்டி வீடு தீப்பிடித்து இடக்கையில் இரண்டு விரல்கள் பயனற்றுப்போனவர். மீதி இரண்டு விரல்களால்தான் இப்படி வாசிக்கிறார் என்று மேலாளர் சொன்னார். பையன் எழுந்து உட்கார்ந்தான். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்தான். அது தந்தியில் வழுக்கியது. பழைய ஜாக்கெட் ஒன்றிலிருந்து தோலைச் சிறிதாக வெட்டித் தொப்பியின் மேல் ஒட்டினான். தந்தி பிடிபட்டது. மெல்லிய தந்தி போட்டான். பிறகு தந்தியின் இழுப்பையே தளர்த்திச் சுருதியை இறக்கினான். 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் அந்த இறக்கிய சுருதி கனத்துக் கேட்கிறது. உலகமெங்கும் ஆயிரம் கோஷ்டிகள் பின்னால் எடுத்துக்கொண்ட அந்தக் கனம், ஒரு காயம்பட்ட கைக்கு வலிக்காமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு.

"அந்தத் தோல் துண்டு என்ன தோலுன்னு எனக்குத் தெரியணும் சார்" என்பார் நண்பர். "ஆட்டுத் தோல்னா மெத்துனு இருக்கும், சீக்கிரம் தேஞ்சிடும். மாட்டுத் தோல்னா பிடிப்பு நிக்கும். கிட்டார்க்காரங்க அவர் வாசிப்பைப் பத்திப் பேசுவாங்க. எனக்கு அந்த விரல் நுனித் தோல் மேலதான் கண்ணு."

தோல்காரரின் பார்வை அது. இன்னோர் உறையில் 'ஜூடாஸ் பிரீஸ்ட்' கோஷ்டியின் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் கறுப்புத் தோல் ஜாக்கெட்டும் இரும்புக் குமிழுமாக நிற்பார். 1970-களின் கடைசியில் அவர் உடுத்த ஆரம்பித்த அந்த உடைதான் பிறகு இந்தச் சங்கீதத்துக்கே சீருடை ஆயிற்று. அவர் வளர்ந்த ஊர் வால்சால். குதிரைச் சேணம் தைப்பதற்குப் பேர்போன தோல் ஊர் அது. அங்குள்ள கால்பந்துக் கோஷ்டிக்கே சேணக்காரர்கள் என்றுதான் செல்லப் பெயர். அந்தக் கோஷ்டியின் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' ஆல்பத்தில் (1980) இயந்திர மனிதர்கள் நடந்து வரும் ஓசைக்காக, கரண்டி முள்கரண்டி வைத்த தட்டைப் பிடித்துக் குலுக்கினார்கள். இதை நண்பர் தம் மனைவியிடம் சொன்னபோது, "அதைக் கேக்கவா பணம் கொடுத்து வாங்கினீங்க? நான் தினம் குலுக்கறேனே" என்றார் அந்த அம்மாள். அதற்குப் பதில் சொல்ல உலகத்தில் எந்த விமரிசகராலும் ஆகாது.

பர்மிங்காமும் வால்சாலும் எப்படி இருக்கும் என்று ராணிப்பேட்டைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. பட்டறைச் சம்மட்டிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தோம், அந்தத் தாளமே எங்கள் பாட்டில் வந்தது என்று அந்த ஊர்க் கலைஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். தோல் கம்பெனியிலும் ஒரு தாளம் உண்டு. ஆள் உயரத்துக்கு மேலான மரப் பீப்பாய்கள் நாள் முழுக்க உருண்டுகொண்டிருக்கும். உள்ளே குரோமியத் தண்ணீரில் ஊறும் தோல்கள் ஏறி ஏறித் தொப்பென்று விழும். அந்தப் பீப்பாய்க்குத் தொழிலாளிகள் வைத்திருக்கும் பெயர் 'டிரம்'. தோலுக்கும் வாத்தியத்துக்கும் உள்ள உறவை நாம் மறைத்தே பழகியவர்கள். பசு, ஆடு, எருமை ஆகிய மூன்றின் தோலும் சேர்ந்துதான் மிருதங்கம் பேசுகிறது. அதைச் செய்கிற கைகளைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் தனிப் புத்தகமே எழுத வேண்டியிருந்தது. மேடையில் இருக்கும் மிருதங்கத்தைத் தொட்டுக் கும்பிடுகிறோம். பஸ்ஸில் தோல்காரருக்குப் பக்கத்து இருக்கையைக் காலியாக விடுகிறோம்.

2015 ஜனவரி 31-ஆம் தேதி விடியுமுன், ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துக் கம்பெனியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் அந்தச் சேற்றில் இறந்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அன்று முழுதும் நண்பர் வீட்டில் தட்டுச் சுற்றவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் நடந்தது நான் சொல்ல வந்த விஷயம். நண்பருக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில், தோலுக்கு மினுமினுப்பு ஏற்றும் பிரஸ்ஸில் ஓர் இளைஞனின் கை சிக்கியது. சூடான இரும்புத் தகடு இறங்கி அழுத்துகிற மிஷின் அது. இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் போயின. இருபத்திரண்டு வயது. நண்பரிடம் முன்பு வேலை பழகியவன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு, நண்பர் அவனை வீட்டுக்கு அழைத்துவந்தார். பர்மிங்காம் மேலாளர் செய்ததைத் தாமும் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தட்டைப் போட்டார். கதையைச் சொன்னார்: கடைசி நாள், மிஷின், அதே இரண்டு விரல், பாட்டில், தோல் துண்டு, உலகப் புகழ்.

பையன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அவருக்கு நஷ்டஈடு இன்னா குடுத்தாங்க சார்?"

நண்பர் திகைத்துவிட்டார். எந்த அச்சு, எந்த லேபிள், உறையில் இருக்கிற தண்ணீர் ஆலை இங்கிலாந்தில் எந்த ஊரில் இருக்கிறது எல்லாம் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். இந்தக் கேள்விக்குப் பதில் எந்த உறையிலும் அச்சிட்டிருக்கவில்லை. அவரிடம் உள்ள புத்தகங்களும் விரல் போனதைச் சொல்லிவிட்டு அடுத்த வரியில் புகழுக்குப் போய்விட்டன.

மறுநாள் நண்பர் பையனை அழைத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குப் போனார். படிவம், சான்று, மருத்துவக் குழு என்று எட்டு மாதம் அலைந்தார்கள். அந்த அலைச்சலில்தான் சட்டத்தின் அட்டவணை ஒன்று அவர் கண்ணில் பட்டது. 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் இருந்தது அது. எந்த விரல் போனால் ஒருவனுடைய சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போகிறது என்று கணுக்கணுவாகக் குறித்திருந்தார்கள். ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14. நடுவிரல் முழுவதும் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் நடுவிரலுக்கு 4, மோதிர விரலுக்கு 2.

நண்பர் அந்தக் கணக்கைத் தம் நீள நோட்டில் எழுதிக்கொண்டார். இசைத்தட்டுகளின் தரப் பட்டியல் எழுதிய அதே நோட்டில். அதை என்னிடம் காட்டினார். இடது பக்கத்தில் மின்ட், நியர் மின்ட், வெரி குட், குட். வலது பக்கத்தில் 14, 12, 7, 4, 2. வெகுநேரம் நாங்கள் பேசவில்லை. சேகரிப்பாளர் என்றால் சேதத்தை அளக்கத் தெரிந்தவர். ஒரு கீறலுக்கு இத்தனை ரூபாய் குறையும் என்று சொல்லத் தெரிந்தவர். சர்க்காரும் அந்தக் கலையில் கைதேர்ந்ததுதான்.

"இத்தனை வருஷமா அந்த ஆளோட விரலைக் கதையாவே பார்த்திருக்கேன் சார்" என்றார் அவர். "இவன் அதை விரலாப் பார்த்தான்."

எனக்கு அந்தச் சங்கீதம் முழுவதும் பிடித்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. சில தட்டுகளைக் கேட்டால் இன்னும் அடுத்த அறைக்குப் போய்விடத் தோன்றுகிறது. ஆனால் இரைச்சல் என்று சொல்லி ஒதுக்க இப்போது வாய் வரவில்லை. ஓர் ஊரின் பட்டறையும் புகையும் மிஷினில் சிக்கிய கையும் சேர்ந்து போட்ட சத்தம் அது. பஞ்சமத்தில் போய் உட்கார அவர்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. நாம் நம் ஊர்த் தோல் கம்பெனியின் சத்தத்தைப் பாட்டாக்கவில்லை. அதனால் அது கேட்காமலே போய்விடுகிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் விழுகிற ஒரு சொல்லை ரசிக்கிற காதுக்கு, அந்தத் தோல் எங்கே உரிக்கப்பட்டது, யார் கையால் பக்குவப்பட்டது என்று விசாரிக்கிற வேலையும் உண்டல்லவா? தட்டுச் சேர்ப்பவர் ஊசிக் கீறலில் எண்ணைத் தேடுகிறார். தேடத் தெரிந்த கண் இன்னும் சற்று ஆழமாகத் தேடினால் என்ன குறைந்துவிடும்?

நண்பர் பெங்களூர் போய் 2007 மார்ச்சில் 'அயர்ன் மெய்டன்' கச்சேரி கேட்டவர். மகன் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று தொண்டை கட்டக் கத்திவிட்டு, விடியற்காலை பஸ்ஸில் திரும்பியவர். 2025 ஜூலை 5-ஆம் தேதி பிளாக் சாபத்தின் நால்வரும் ஆஸ்டனில், தாங்கள் பிறந்த தெருக்களுக்குப் பக்கத்திலேயே, கடைசிக் கச்சேரி வாசித்தார்கள். பதினேழு நாள் கழித்துப் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் இறந்துபோனார். நண்பர் எனக்குப் போன் செய்தார். துக்கம் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "கடைசிக் கச்சேரியிலயும் அந்த விரல் தொப்பியோடதான் வாசிச்சார் சார், அறுபது வருஷம்!" என்றார்.

அந்தப் பையனுக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை வருகிறது. இப்போது ஷூ கம்பெனி ஒன்றில் பெட்டி எண்ணுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை சில சமயம் காவேரிப்பாக்கம் வருவான். பிளாக் சாபத் அவனுக்குப் பிடிக்கவில்லை. அவன் இளையராஜா பக்தன். நண்பர் அவனுக்காகவே எங்கெங்கோ தேடி ஜாங்கோ ரைன்ஹார்ட் தட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். நோட்டில் அதற்கு எழுதியிருக்கும் தரம் 'குட்'. கீறல் சத்தம் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி கேட்கும். பையன் வந்தால் அதைத்தான் போடச் சொல்கிறான்.

"இதுல சத்தம் கம்மி சார்" என்பது அவன் சொல்லும் காரணம்.